அரைப் பேரும் பேர்தான்: மாரடைப்புக்குப் பிறகு பயிற்சியை விடாமல் தொடர்வது

பெரியப்பாவுக்கு மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து, வீட்டுக்கு அனுப்பியபோது கையில் ஒரு பை நிறைய மாத்திரையும் ஒரு கிளினிக் கொப்பியும் கொடுத்தார்கள். வாய்மொழியாகச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "நடந்து பழகுங்கள்." எவ்வளவு தூரம், எந்த வேகத்தில், ஏற்றத்திலா இறக்கத்திலா, மூச்சு வாங்கினால் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. வார்டில் அன்று அவ்வளவு கூட்டம். இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கு அருகே இருக்கும் எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, அவர் வந்து சேர்ந்ததும், அந்த ஒரு சொல்லுக்கு எதிராக ஊரே நூறு சொல் சொன்னது. "அலுங்காமல் இருங்கள்." "படி இறங்காதீர்கள்." "தண்ணீர்ச் செம்பைக்கூடத் தூக்க வேண்டாம்." இரண்டு வாரம் அவர் இஸ்தோப்பில், அதாவது வீட்டு முன் திண்ணையில், பிளாஸ்டிக் கதிரையைப் போட்டுக்கொண்டு, மேகம் மலையில் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வாரம் மலசலகூடத்துக்குப் போய்வரவே மூச்சு வாங்கியது. இதயம் மறுபடி கெட்டுவிட்டது என்று வீடே பயந்தது. கிளினிக்கில் சோதித்துப் பார்த்ததில் இதயம் இருந்தபடியே இருந்தது. கெட்டுப்போனது கால்.

இது நம்புவதற்குக் கடினம். ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம். 1966இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் கட்டிலிலேயே படுக்க வைத்தார்கள். எல்லோருக்கும் 20 வயது, எந்த நோயும் இல்லை. மூன்று வாரம் முடிந்தபோது அவர்களது உடல் உழைக்கும்போது பயன்படுத்தக்கூடிய ஒட்சிசனின் உச்ச அளவு கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தது. முப்பது வருடம் கழித்து, ஐம்பது வயதை எட்டிய அதே ஐந்து பேரையும் மறுபடி சோதித்தார்கள். முப்பது வருட முதுமை செய்த சேதத்தைவிட, அன்றைய மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் அதிகமாக இருந்தது. இருபது வயதுக்காரனுக்கே இந்தக் கதி என்றால், அறுபத்து மூன்று வயதில் மாரடைப்பு வந்து கதிரையில் உட்கார வைக்கப்பட்டவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

ஊரார் சொன்னதிலும் ஒரு பழைய நியாயம் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வைத்தியர்களே மாரடைப்புக்கு ஆறு வாரக் கட்டில் ஓய்வைத்தான் எழுதிக்கொடுத்தார்கள். 1950களின் தொடக்கத்தில் பொஸ்டனில் சாமுவேல் லெவைன், பெர்னார்ட் லோன் என்ற இரு வைத்தியர்கள் நோயாளியைக் கட்டிலிலிருந்து இறக்கி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அன்றைக்கு அதுவே பெரிய துணிச்சல். வைத்தியம் அதற்குப் பிறகு வெகுதூரம் நடந்து வந்துவிட்டது. எங்கள் லயம் இன்னும் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் இடையில்தான் நிற்கிறது.

இதய மீள்பயிற்சி என்பது என்ன

இதற்குப் புத்தகங்களில் உள்ள பெயர் இதயப் புனர்வாழ்வு. நம் நாட்டில் புனர்வாழ்வு என்ற சொல்லைக் கேட்டால் வேறு ஞாபகங்கள் வரும் என்பதால் நான் மீள்பயிற்சி என்றே எழுதுகிறேன். மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர், நெஞ்சைத் திறந்து செய்யும் பைபாஸ் சத்திரசிகிச்சை செய்தவர், இதயம் பலவீனமானவர் ஆகியோருக்கு அளவாகத் தொடங்கி, படிப்படியாகக் கூட்டி, கண்காணிப்போடு கொடுக்கப்படும் உடற்பயிற்சிதான் இதன் முதுகெலும்பு. அதோடு மருந்து, உணவு, புகைத்தலை நிறுத்துவது, மனநிலை பற்றிய ஆலோசனையும் சேரும். வைத்தியசாலைக் கட்டிலருகே சில அடிகள் நடப்பதில் தொடங்குகிறது. வீடு திரும்பிய பிறகு பொதுவாக இரண்டு மூன்று மாதம் ஒழுங்கான பயிற்சி. அதற்குப் பிறகு ஆயுள் முழுக்க.

ஸ்டென்ட் என்பது அடைபட்ட குழாயைத் திறந்து பிடித்திருக்கும் சிறு கம்பிவலை. அது ஒரு இடத்து அடைப்பைத்தான் சரிசெய்கிறது. இரத்தக்குழாய்களின் உட்சுவர், இரத்த அழுத்தம், சீனி, கொழுப்பு எல்லாம் பழையபடியே இருக்கும். பயிற்சி தொடுவது இந்த இடங்களை. நடந்து பழகிய காலின் தசை, வந்து சேரும் இரத்தத்திலிருந்து கூடுதல் ஒட்சிசனை எடுக்கக் கற்றுக்கொள்கிறது. அதனால் அதே வேலைக்கு இதயம் குறைவாகத் துடித்தால் போதும். முன்பு ஐந்தாவது படியில் வாங்கிய மூச்சு, பிறகு பதினைந்தாவது படியில்தான் வாங்கும். இதயத்தின் சுமையைக் கால் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

பலன் எவ்வளவு? 63 ஆய்வுகளை, மொத்தம் 14,486 நோயாளிகளை, ஒன்றாகச் சேர்த்து 2016இல் வெளியான தொகுப்பு ஒன்று இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் கொக்ரேன் என்ற அமைப்பு வெளியிட்டது. பயிற்சி செய்யாதவர்களில் நூற்றுக்கு 10.4 பேர் இதய, இரத்தக்குழாய் நோயால் இறந்தார்கள். பயிற்சி செய்தவர்களில் அது 7.6ஆகக் குறைந்தது. மறுபடி வைத்தியசாலையில் சேர்வதும் குறைந்தது. ஒரு மாத்திரை இந்தப் பலனைக் கொடுத்திருந்தால் அதைப் பெட்டியில் பூட்டி வைத்து வேளைக்கு வேளை விழுங்கியிருப்போம். இது மாத்திரையாக இல்லாததுதான் சிக்கல். உலகம் முழுக்கத் தகுதியுள்ளவர்களில் சிறு பகுதியினர்தான் இதில் சேர்கிறார்கள். சேர்ந்தவர்களிலும் பலர் நடுவில் விட்டுவிடுகிறார்கள். பெண்களும் முதியவர்களும் ஏழைகளும் தூர இடத்தவர்களும் முதலில் விடுபடுகிறார்கள். இந்த நான்கையும் சேர்த்துப் படித்தால் மலையகத்துப் பாட்டி ஒருவரின் முகம் தெரியும்.

விட்டுவிடுவது எங்கே நடக்கிறது

நடுவில் விட்டவரைச் சோம்பேறி என்று சொல்லிவிடுவது சுலபம். நாற்பது வருடம் விடியற்காலையில் எழுந்து, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் நின்ற மனிதரைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் விடுவதற்கு வேறு காரணங்கள் உண்டு. பெரும்பாலும் அவை ஆளுக்குள் இல்லை, ஆளைச் சுற்றி இருக்கின்றன.

முதல் காரணம் பயம். அதிலும் நோயாளியின் பயத்தைவிட வீட்டாரின் பயம். பெரியப்பா செருப்பைத் தேடினாலே பெரியம்மாவின் முகம் மாறிவிடும். இது எங்கள் வீட்டு நோய் மட்டும் அல்ல. 1985இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வை நான் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லுவேன். மாரடைப்பு வந்து மூன்று வாரமான முப்பது ஆண்கள். அவர்களை ட்ரெட்மில் எனப்படும் ஓடும்பட்டியில் நடக்க வைத்துச் சோதித்தார்கள். சில மனைவிமார் வெளியே காத்திருந்தார்கள். சிலர் உள்ளே நின்று பார்த்தார்கள். இன்னும் சிலரை, கணவர் எட்டிய அதே உச்ச வேகத்தில் மூன்று நிமிடம் அவர்களையே நடக்க வைத்தார்கள். காத்திருந்தவர்களுக்கும் பார்த்தவர்களுக்கும் கணவரின் இதயத்தின் மேல் நம்பிக்கை அவ்வளவாக வரவில்லை. தாமே நடந்து பார்த்த மனைவிமாருக்குத்தான் வந்தது. 'இவ்வளவு கடினமானதையா இவர் செய்தார்' என்று கால் சொன்னதை மனம் ஏற்றுக்கொண்டது.

நாங்கள் ஓடும்பட்டிக்கு எங்கே போவது? தோட்ட வைத்தியசாலைக்கு வந்த இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) ஒருவர் வழி சொன்னார். பெரியம்மாவையும் கூடவே நடக்கச் சொன்னார். முதல் நாள் பெரியம்மாதான் முதலில் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "எனக்கே மூச்சு வாங்குகிறது, உங்களுக்கு ஒன்றும் இல்லையா?" என்று கேட்டார். "இல்லையே" என்றார் பெரியப்பா. அந்த "இல்லையே"க்குப் பிறகு செருப்பைத் தேடும்போது வீட்டில் யாரும் முகம் சுளிக்கவில்லை.

இரண்டாவது காரணம் எங்கள் மலைக்கே உரியது. "நாங்கள் ஏறாத மலையா? எங்களுக்கு எதற்கு உடற்பயிற்சி?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உழைப்பும் பயிற்சியும் ஒன்றல்ல. கொழுந்துக் கூடையோ விறகுக் கட்டோ தூக்கும்போது தசை இறுகி நிற்கிறது, மூச்சு அடங்குகிறது, இரத்த அழுத்தம் சட்டென்று ஏறுகிறது. அதுவும் எட்டு மணித்தியாலம் நீள்கிறது. நினைத்த நேரத்தில் நிறுத்தி ஓய்வெடுக்க முடியாது. பயிற்சியில் மெதுவாகத் தொடங்கி, அளவோடு ஏறி, மெதுவாக இறங்கி, பிறகு ஓய்வெடுக்கிறோம். வேகத்தை முடிவு செய்வது நாம்தான், கங்காணி அல்ல. வேலைத்தள உழைப்பு ஓய்வு நேர உடற்பயிற்சியைப் போல இதயத்தைக் காப்பதில்லை என்று டென்மார்க் ஆய்வாளர்கள் பல வருடமாக எழுதி வருகிறார்கள். அதைப் பற்றி இன்னும் விவாதம் நடக்கிறது. மாரடைப்பு வந்த வாரத்தில் விறகு சுமப்பது பயிற்சி ஆகாது என்பதில் மட்டும் விவாதம் இல்லை. பைபாஸ் செய்தவர்களுக்கு இது இன்னும் கண்டிப்பானது. அறுத்துக் கட்டிய நெஞ்செலும்பு கூடுவதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை தண்ணீர் வாளி, எரிவாயு சிலிண்டர், பேரப்பிள்ளை எதையும் தூக்கக் கூடாது.

மூன்றாவது காரணம் விசித்திரமானது: நன்றாகிவிட்டது என்ற எண்ணம். ஆறாவது ஏழாவது வாரத்தில் மூச்சு வாங்குவது நின்றுவிடும், பசி எடுக்கும், தூக்கம் வரும். அப்போதுதான் பலர் நிறுத்துகிறார்கள். காய்ச்சல் விட்டால் மருந்தை நிறுத்துவதுபோல. ஆனால் பயிற்சியால் கிடைத்தது பயிற்சி நின்ற சில வாரங்களிலேயே கரையத் தொடங்கிவிடும்.

தூரத்தையும் காசையும் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. கண்டிக்கோ பதுளைக்கோ போய் வந்தால் ஒரு நாள் சம்பளம் போய்விடும், பஸ் காசு வேறு. வாரத்துக்கு இரண்டு முறை அப்படிப் போகச் சொல்வது போகாதே என்று சொல்வதற்குச் சமம். நல்ல செய்தி என்னவென்றால், சரியாகக் கற்றுக்கொடுத்து இடையிடையே விசாரித்து வந்தால், வீட்டிலிருந்தே செய்யும் பயிற்சியும் நிலையத்துக்குப் போய்ச் செய்வதற்கு ஈடான பலனைத் தருகிறது. இதையும் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். வீட்டில் செய்தாலும் தொடங்குவதற்கு முன் வைத்தியரின் சம்மதம் கட்டாயம். யாருக்கு எவ்வளவு என்பது இதயச் சோதனைகளான ஈசிஜியையும் எக்கோவையும் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

சமதரை தேடுதல்

"நடங்கள்" என்று கொழும்பில் ஒருவரிடம் சொல்வதும் மலைமேல் லிந்துலையில் ஒருவரிடம் சொல்வதும் ஒன்றல்ல. மணிக்கு நாலு கிலோமீற்றர் வேகத்தில் சமதரையில் நடப்பதற்கு உடலுக்குத் தேவையான ஒட்சிசனை ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு அடி போவதற்குள் பத்தடி உயரும் சரிவில் அதே வேகத்தில் ஏறினால் அது இரண்டு பங்குக்கும் மேலாகிவிடும். எங்கள் லயத்திலிருந்து பாதைக்கு ஏறும் குறுக்கு வழி அதைவிடச் செங்குத்து. 'நடந்து பழகுங்கள்' என்ற சொல்லை நம்பி முதல் நாளே அந்தக் குறுக்கு வழியில் ஏறியவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்து, இனி நடையே வேண்டாம் என்று முடிவு செய்தால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

ஆகவே முதல் வேலை சமதரை தேடுவது. பெரியப்பாவுக்கு அது பிரட்டுக்களம். தொழிற்சாலைக்குப் பக்கத்தில், காலைப் பிரட்டு கலைந்த பிறகு வெறுமையாகக் கிடக்கும் தட்டையான நிலம். மற்றவர்களுக்குப் பாடசாலை மைதானமோ, கோவில் முன்றிலோ, மலையைச் சுற்றி ஏறாமல் இறங்காமல் போகும் தோட்டத்துப் பாதையோ கிடைக்கும். தண்டவாளம் சமமாக இருக்கிறதே என்று சிலர் அதில் நடக்கிறார்கள். அது வேண்டாம். வளைவில் ரயில் வரும் சத்தம் காற்று மாறி அடித்தால் கேட்காது.

முதல் வாரம் ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று தடவை. பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடமாகக் கூட்டி, நாளுக்கு முப்பது நிமிடம், வாரத்தில் ஐந்து நாள் என்ற அளவை எட்டுவதுதான் பொதுவான இலக்கு. ஏற்றம் அதற்குப் பிறகுதான், அதுவும் வேகத்தைப் பாதியாக்கி. தொடங்கும் ஐந்து பத்து நிமிடமும் முடிக்கும் ஐந்து பத்து நிமிடமும் ஆமை நடை. சட்டென்று நின்றால் இரத்தம் காலிலேயே தேங்கித் தலை சுற்றும்.

குளிரையும் கணக்கில் எடுக்க வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். தை மாதத்தில் புல்லில் உறைபனி படியும் ஊர். குளிரில் தோலடி இரத்தக்குழாய்கள் சுருங்கும், அழுத்தம் ஏறும், இதயம் கூடுதலாகத் தள்ள வேண்டும். 'விடியற்காலை நடை' என்று கீழ்நாட்டில் எழுதியதைப் படித்துவிட்டு இங்கே ஐந்து மணிக்குக் கிளம்பக் கூடாது. வெயில் ஏறிய பிறகு ஒன்பது மணிக்கோ, மாலை நாலு மணிக்கோ, காதை மூடித் தொப்பியோடு. வயிறு நிறையச் சாப்பிட்ட உடனேயும் வேண்டாம்.

வேகம் சரியா என்று எப்படித் தெரியும்? நாடியைப் பிடித்து எண்ணலாம் என்று பல இடங்களில் எழுதியிருக்கும். ஆனால் மாரடைப்பு வந்த பலருக்குப் பிசோப்ரோலோல், அட்டெனோலோல் போன்ற மாத்திரைகள் கொடுக்கிறார்கள். அவை நாடியைத் தணித்து வைக்கும். நாடி ஏறவில்லையே என்று வேகத்தைக் கூட்டினால் ஆபத்து. அதைவிட எளிய அளவுகோல் பேச்சு. நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. பெரியப்பா இளவயதில் காமன் கூத்தில், எங்கள் தோட்டத்து ஆட்டக்கூத்தில், ரதி வேடம் கட்டியவர். அவருக்கு இதைச் சொன்னதும் பிடித்துவிட்டது. பிரட்டுக்களத்தைச் சுற்றும்போது ஒரு அடியை எடுத்துப் பாடிப் பார்ப்பார். அடி முழுதாக வந்தால் கால் வேகம் பிடிக்கும். மூன்று சொல்லில் மூச்சு முட்டினால் தணியும். தொழிற்சாலைக் காவலாளி முதல் சில நாள் அவரை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்.

செக்ரோல்

இனிதான் கட்டுரையின் தலைப்பு. ஒரு வாரம் ஒழுங்காக நடந்தார். எட்டாம் நாள் மழை, ஒன்பதாம் நாளும் மழை, பத்தாம் நாள் பக்கத்து லயத்தில் இழவு. பதினோராம் நாள் வெயில் அடித்தும் அவர் கிளம்பவில்லை. "அதுதான் விட்டுப்போய்விட்டதே" என்றார். முழுதாகச் செய்ய முடியாவிட்டால் செய்யாததற்குச் சமம் என்று மனம் போடும் இந்தக் கணக்குத்தான் பயிற்சியைக் கொல்கிறது. ஒரு நாள் விடுவது சாதாரணம், எல்லோரும் விடுகிறார்கள். அந்த ஒரு நாளைத் தோல்வி என்று பெயரிட்டதும் அது இரண்டு மாதமாகிவிடுகிறது.

தோட்டத்தில் வேலைக்குப் போன நாளுக்குச் செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டில் பேர் போடுவார்கள். சொன்ன கிலோ கொழுந்து வராவிட்டால் அரைப் பேர், அதாவது அரைச் சம்பளம். அரைப் பேர் என்ற சொல்லில் எங்கள் சனத்துக்கு எவ்வளவு கசப்பு இருக்கிறது என்று தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். அந்தக் கசப்பான சொல்லைத்தான் பெரியம்மா எடுத்துத் திருப்பிப் போட்டார். சுவரில் தொங்கிய கடை நாள்காட்டியில், நடந்த நாளுக்குப் பென்சிலால் ஒரு முழுக்கோடு. மழை என்று இஸ்தோப்பிலேயே நின்ற இடத்தில் பத்து நிமிடம் கால் தூக்கி வைத்த நாளுக்கு அரைக்கோடு. "அரைப் பேராவது விழட்டும்" என்பார். கொழுந்து நிறுக்கும் இடத்தில் அநியாயமான அதே கணக்கு இங்கே கருணையாகிவிட்டது. மூன்று மாதத்தில் வெறும் கட்டங்கள் மிகக் குறைவு. அரைக்கோடுகள் நிறைய.

நோயாளி பயிற்சியைத் தொடர்கிறாரா என்று வைத்தியத்தில் கேட்கும்போது, சொன்னதற்குக் கீழ்ப்படிகிறாரா என்று கேட்பதில்லை. தானும் சேர்ந்து ஒப்புக்கொண்ட ஒரு ஏற்பாட்டை எவ்வளவு தூரம் காப்பாற்றுகிறார் என்று கேட்கிறார்கள். இந்த வேறுபாடு பெரியது. 'முப்பது நிமிடம் நடக்க வேண்டும்' என்று மேலிருந்து வந்தால் அது உத்தரவு. 'பிரட்டுக்களத்தில் ஆறு சுற்று, நாலு மணிக்கு, பெரியம்மாவோடு' என்று அவரே சொன்னால் அது ஏற்பாடு. எங்கே, எப்போது, யாரோடு என்ற மூன்றும் இல்லாத முடிவு பெரும்பாலும் வாயோடு நின்றுவிடும்.

அந்த ஏற்பாட்டில் தடைக்கும் ஒரு இடம் வேண்டும். ஜெர்மனியில் இதய நோயாளிகளிடம் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். எப்போது பயிற்சி செய்வோம் என்று எழுதியதோடு, எது குறுக்கே வரும், வந்தால் என்ன செய்வோம் என்பதையும் முன்கூட்டியே எழுதிவைத்தவர்கள், வைத்தியசாலையை விட்டுப் போன பிறகு கூடுதலாகப் பயிற்சி செய்தார்கள். மலையகத்தில் என்ன குறுக்கே வரும் என்று யோசிக்கவே வேண்டாம். மேற்குச் சரிவில் வைகாசி முதல் புரட்டாசி வரை மழை. பதுளைப் பக்கம் மார்கழி, தை. மழை பெய்தால் என்ன? வீட்டுக்குள் கதிரையிலிருந்து கையூன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காருவது, சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துவது, நின்ற இடத்தில் நடை. தீபாவளிக்கு மகள் வீட்டுக்குப் போனால் என்ன? அங்கே நாலு மணிக்குப் பேரனோடு கடை வரை. காய்ச்சல் என்றால்? ஓய்வு, குற்ற உணர்ச்சி இல்லாமல். ஒரு வாரத்துக்கு மேல் விட்டுப்போனால்? பழைய நேரத்தில் பாதியிலிருந்து தொடங்குவது. இதெல்லாம் நாள்காட்டியின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறது. மழை வந்த நாளில் யோசிக்கத் தேவை இல்லாமல் போய்விட்டது.

முன்னேற்றத்தைக் கண்ணால் பார்க்கவும் வேண்டும். வைத்தியசாலைகளில் ஆறு நிமிட நடைச் சோதனை என்று ஒன்று உண்டு. முப்பது மீற்றர் நீளத் தாழ்வாரத்தில் ஆறு நிமிடத்தில் எத்தனை தடவை போய்வருகிறார் என்று அளப்பார்கள். அதையே பிரட்டுக்களத்தில் செய்யலாம். கைத்தொலைபேசியில் ஆறு நிமிடம் வைத்துச் சுற்றுகளை எண்ணி, மாதம் ஒரு முறை எழுதிவைத்தால் போதும். முதல் மாதம் மூன்றரைச் சுற்று, மூன்றாம் மாதம் ஐந்தேகால். அந்தக் கால் சுற்றுக்காகப் பெரியப்பா காவலாளியோடு வாதாடினார்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆணுக்கு மாரடைப்பு வந்தால் வீடு அவரைக் கதிரையில் உட்கார வைக்கிறது. பெண்ணுக்கு வந்தால் பத்து நாளில் அடுப்படிக்கு அனுப்பிவிடுகிறது. அவரிடம் 'நடந்து பழகுங்கள்' என்றால், "காலையிலிருந்து நடந்துகொண்டுதானே இருக்கிறேன்" என்பார். பொய் இல்லை. ஆனால் அது ஐந்தைந்து அடியாக, பாத்திரத்தோடு, குனிந்து நிமிர்ந்து, ஒரு போதும் முப்பது நிமிடம் தொடராத நடை. அவருக்குத் தேவை அறிவுரை அல்ல, அரை மணித்தியாலம். மாலை நாலிலிருந்து நாலரை வரை ரொட்டிக்கு மாவு பிசையவும் பிள்ளையைப் பார்க்கவும் வீட்டில் வேறு யாராவது பொறுப்பெடுத்தால்தான் அது நடக்கும். தனியே நடக்கக் கூச்சம் என்றால் இரண்டு மூன்று பெண்கள் சேர்ந்து கோவில் வரை போகலாம். ஊர் வாயை அடைக்க அதைவிட நல்ல காரணம் கிடையாது.

மனம் சோர்ந்து கிடப்பதும் பயிற்சியை நிறுத்தும். மாரடைப்பு வந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வருகிறது. பேச்சுக் குறைந்து, தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் அதைக் கிளினிக்கில் சொல்ல வேண்டும். அதற்கும் மருந்து இருக்கிறது. 'மனதைத் தைரியமாக வைத்துக்கொள்ளுங்கள்' என்ற வாக்கியம் மட்டும் போதாது.

எப்போது நிறுத்த வேண்டும் என்பது தெரிந்தால்தான் தைரியமாக நடக்க முடியும். நெஞ்சில் இறுக்கம், அது தோளுக்கோ தாடைக்கோ பரவுவது, பேச முடியாத மூச்சுத்திணறல், தலைச்சுற்று, நாடி தாறுமாறாக ஓடுவது, குளிர்வியர்வை. இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே நின்று உட்கார வேண்டும். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் ஜிடிஎன் மருந்து கொடுக்கப்பட்டிருந்தால் அதை வைக்க வேண்டும். அது வீட்டு அலுமாரியில் அல்ல, நடக்கும்போது சட்டைப் பையில் இருக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் அடங்காவிட்டால் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். ஆனால் எங்கள் பாதைகளில் அது லய வாசல் வரை வரும் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது. பாதை வரை கொண்டுபோக யாருடைய முச்சக்கரவண்டி, இரவில் என்றால் யார் என்று முன்கூட்டியே பேசிவைத்திருக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் உடல் எடை இரண்டு கிலோ ஏறினாலோ கால் வீங்கினாலோ நடையை நிறுத்திவிட்டு வைத்தியரைப் பார்க்க வேண்டும்.

மாதம் முடிந்ததும் பெரியம்மா நாள்காட்டியின் தாளைக் கிழித்துக் கிளினிக் கொப்பிக்குள் மடித்து வைப்பார். நாலாம் மாதம் அதைப் பார்த்த வைத்தியர் ஒரு இடத்தில் விரலை வைத்தார். மழை இல்லாத மாதம், தொடர்ந்து ஐந்து நாள் வெறும் கட்டம். "இந்த ஐந்து நாளும் என்ன ஆனது ஐயா?" என்று கேட்டார். பெரியப்பா தயங்கினார். பிறகு, கதிரையிலிருந்து எழுந்தாலே கண் இருட்டியது, வீட்டில் சொன்னால் மறுபடி உட்கார வைத்துவிடுவார்கள் என்று சொல்லவில்லை என்றார். வைத்தியர் அவரைப் படுக்க வைத்து அழுத்தம் பார்த்தார், நிற்க வைத்துப் பார்த்தார். நின்றதும் அழுத்தம் நன்றாக இறங்கியது. அழுத்த மாத்திரைகளில் ஒன்றின் அளவைப் பாதியாக்கி, இரவுக்கு மாற்றி எழுதினார். அடுத்த கிழமை திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அரைக்கோடு. வியாழக்கிழமையிலிருந்து முழுக்கோடு.